பிரேக்கர் திறக்காவிட்டால்? பேக்கப் ரிலே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஹோட்டல், ஆஸ்பத்திரி, அடுக்குமாடி என்று 11 கேவி மின்சாரம் நேரடியாக எடுக்கும் கட்டடங்களின் சுவிட்ச் ரூமைப் பார்த்துக்கொள்ளும் டெக்னிஷியன்களும் சுப்பர்வைசர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கிரிட் உபமின்நிலையங்களின் 132 கேவி, 220 கேவி விஷயம் தேவையான இடத்தில் மட்டும் வரும்.

ரிலேயும் புதிது, பிரேக்கரும் புதிது. பிறகு பேக்கப் எதற்கு?

பழுதைக் கண்டு திறக்கக் கட்டளை கொடுப்பது ரிலே, சுற்றை வெட்டுவது பிரேக்கர். ஒரு ஷோர்ட் சர்க்கிட்டைத் துண்டிக்க எத்தனை பொருட்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சிடி, அதாவது கரண்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கும் கரண்ட் ட்ரான்ஸ்போமர், சரியாக அளக்க வேண்டும். அதன் வயர் கழன்றிருக்கக் கூடாது. ரிலே தீர்மானிக்க வேண்டும், அதன் அவுட்புட் கொன்டாக்ட் மூட வேண்டும். பற்றரியிலிருந்து கரண்ட் வர வேண்டும். பிரேக்கரைத் திறக்கத் தட்டும் மின்காந்தச் சுருளான ட்ரிப் கொயில், லாச் என்ற கொக்கியை விடுவிக்க வேண்டும், ஸ்பிரிங் கொன்டாக்டுகளைப் பிரிக்க வேண்டும், கடைசியில் வெக்கூம் சேம்பர் இடையில் எழும் தீப்பொறியை, அதாவது ஆர்க்கை, அணைக்க வேண்டும். இதில் ரிலே ஓர் இடம்தான். புது ரிலே வாங்கினால் அந்த ஓர் இடம் புதிதாகிறது, மற்றவை அப்படியே இருக்கின்றன.

முதல் வரிசையில் எங்கே தவறினாலும் பழுதை வேறொரு வரிசை துண்டிக்க வேண்டும். அதுதான் பேக்கப். ஆகவே ஒரு பேக்கப்பை எடைபோட ஒரே கேள்வி போதும்: முதல் வரிசையோடு அது எதைப் பங்குபோடுகிறது? ஒரே சிடி, ஒரே பற்றரி, ஒரே கொயில் என்றால் அந்தப் பொருள் போகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும்.

பிரேக்கர் உண்மையிலேயே திறக்காமல் போகுமா?

போகும். மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் அசையாமல் மூடியே கிடக்கும் இயந்திரம் அது. மெக்கானிசத்தில் கிரீஸ் இறுகிவிட்டால் கொயில் தட்டினாலும் லாச் நகராது, அல்லது மெதுவாக நகரும். ட்ரிப் கொயில் கண நேரத்துக்கு மட்டும் கரண்ட் தாங்குவது. பிரேக்கர் திறந்ததும், அதோடு சேர்ந்து அசையும் துணைச் சுவிட்சான ஒக்ஸிலரி கொன்டாக்ட் அந்தக் கரண்டை வெட்டிவிட வேண்டும். மெக்கானிசம் சிக்கினால் அது வெட்டாது, கொயில் எரியும். எஸ்எஃப்6 பிரேக்கரில் வாயு அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் பிரேக்கர் தன்னையே பூட்டிக்கொள்ளும், ட்ரிப் கட்டளை வந்தாலும் ஏற்காது.

காலி வீதிக்குக் கடல் பக்கமாக, கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை மாதிரி இடங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. டெர்மினலும் ஒக்ஸிலரி கொன்டாக்டும் பச்சை பிடிக்கின்றன. பேனலுக்குள் இருக்கும் ஹீட்டரை "கரண்ட் வீண்" என்று அணைத்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பேனலில் ட்ரிப் சர்க்கிட் ஹெல்தி லைட் பச்சையாக எரிகிறதே?

கொயிலும் அதன் வயரும் அறுந்துபோகவில்லை, டிசி வருகிறது என்பதைத்தான் அந்த லைட் சொல்லும். இறுகிய கிரீஸ் அதற்குத் தெரியாது. பற்றரிக்கு உள்ளே பலம் இருக்கிறதா என்பதும் தெரியாது.

எங்கள் பிரேக்கர் திறக்காவிட்டால் மின்சாரம் தருபவரின் பிரேக்கர் திறந்துவிடும்தானே?

இதற்கு ரிமோட் பேக்கப் என்று பெயர். இருக்கிறது, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை.

ஒரு கணக்கு போடுவோம். 1000 கேவிஏ ட்ரான்ஸ்போமர், 11 கேவியிலிருந்து 400 வோல்ட், இம்பீடன்ஸ் 5 சதவீதம். முழுச் சுமையில் 11 கேவி பக்கம் சுமார் 52 ஆம்பியர், 400 வோல்ட் பக்கம் சுமார் 1440 ஆம்பியர். 400 வோல்ட் டெர்மினலில் மூன்று ஃபேசும் சேர்ந்து ஷோர்ட் ஆனால் ஏறக்குறைய 29,000 ஆம்பியர். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் அதே பழுது 11 கேவி பக்கம் சுமார் 1050 ஆம்பியராகத்தான் தெரியும்.

தெருவுக்கு மின்சாரம் கொடுக்கும் கேபிளின், அதாவது ஃபீடரின், ரிலேயில் பிக்கப் (ரிலே பழுதென்று எண்ணத் தொடங்கும் கரண்ட்) 400 ஆம்பியர், டைம் மல்டிப்ளையர் (தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் எண்) 0.2 என்று ஓர் உதாரணத்துக்கு வையுங்கள். 1050 ஆம்பியர் அதற்கு இரண்டரை மடங்கு சொச்சம். கரண்ட் கூடக்கூட நேரம் குறையும் ஐஇசி (சர்வதேச மின் தரநிலை) ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவில் ட்ரிப் ஆக சுமார் 1.4 செக்கன் எடுக்கும்.

இப்போது மூன்று ஃபேசை விட்டுவிட்டு ஒரு ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையிலான பழுதை எடுங்கள். நடைமுறையில் அதிகம் வருவது இதுதான். டெல்டா ஸ்டார் ட்ரான்ஸ்போமரில் (11 கேவி பக்கம் டெல்டா இணைப்பு, 400 வோல்ட் பக்கம் ஸ்டார்) 11 கேவி பக்கம் இது மூன்று ஃபேஸ் கணக்கின் 58 சதவீதமாகக் குறையும், அதாவது சுமார் 600 ஆம்பியர். பிக்கப்பின் ஒன்றரை மடங்கு. நேரம் 3 செக்கனைத் தாண்டிவிடும். எர்த் ஃபோல்ட் ரிலே உதவுமா என்றால் அதுவும் இல்லை. டெல்டா பக்கத்தில் எர்த் கரண்ட் ஓடாது, ஆகவே அந்த ரிலேக்கு அப்படி ஒரு பழுது இருப்பதே தெரியாது. பழுது ஆர்க்காக எரிந்தால் கரண்ட் இன்னும் குறையும், ஃபீடர் ரிலே அசையாமலே இருந்துவிடவும் கூடும்.

அப்படியே ட்ரிப் ஆனாலும் அந்த ஃபீடரில் இருக்கும் அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் இருளும். ஆகவே ரிமோட் பேக்கப்பைக் கடைசி நம்பிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் திட்டமாக வைக்காதீர்கள்.

அப்படியானால் இன்கமர் ரிலேயே எங்கள் பேக்கப். அதன் நேரத்தை எப்படி வைப்பது?

இன்கமர் என்பது போர்டுக்குள் மின்சாரம் வரும் பேனல், அவுட்கோயிங் என்பது வெளியே போகும் பேனல். அவுட்கோயிங் ரிலேக்கு முதலில் ஒரு வாய்ப்புக் கொடுத்து, அது தவறினால் மட்டும் இன்கமர் வேலை செய்ய வேண்டும். இரண்டுக்கும் இடையில் விடும் இடைவெளி பழைய தட்டு சுழலும் ரிலேக்களுக்கு 0.4 செக்கன் அல்லது சற்றுக் கூட, சிப்பில் கணக்குப்போடும் நியூமெரிக்கல் ரிலேக்களுக்கு 0.3 செக்கன் அளவு. பிரேக்கர் திறக்கும் நேரம், ரிலேயின் பிழை, சிடியின் பிழை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

உதாரணம்: அவுட்கோயிங் பிக்கப் 200 ஆம்பியர், மல்டிப்ளையர் 0.1. இரண்டு ரிலேயும் பார்க்கக்கூடிய மிகப்பெரிய பழுது 4000 ஆம்பியர் என்று வைப்போம், அதாவது 20 மடங்கு. ஐஇசி 60255-151 தரும் வளைவுப்படி நேரம் 0.23 செக்கன். இன்கமர் பிக்கப் 400 என்றால் அதற்கு இது 10 மடங்கு. மல்டிப்ளையர் 1 ஆக இருந்தால் 10 மடங்கில் 2.97 செக்கன். நமக்கு வேண்டியது 0.23 உடன் 0.3 சேர்த்து 0.53. ஆகவே மல்டிப்ளையரை 0.18 இல் வைத்தால் சரி.

கணக்கு சுலபம். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே போகப் போக ஒவ்வொரு படியிலும் 0.3 கூடுகிறது. மூலத்துக்கு அருகில் பழுதின் கரண்ட் மிகப்பெரிது, அங்கேதான் ரிலே மிகவும் தாமதிக்கிறது. எல்லாப் பேனல்களையும் இணைக்கும் பஸ்பாரிலேயே பழுது வந்தால் அவுட்கோயிங் ரிலேக்கு அதில் வேலையே இல்லை. இருந்தும் இன்கமர் வராத ஓர் ஆளுக்காகக் காத்திருக்கும்.

இங்கே பேனலின் ஆர்க் தரத்தையும் பாருங்கள். ஐஇசி 62271-200 படி உள் ஆர்க் சோதனை 1 செக்கன், 0.5 செக்கன், 0.1 செக்கன் என்று செய்யப்படும். பெயர்ப்பலகையில் 0.5 என்று இருக்க, உங்கள் இன்கமர் பஸ்பார் பழுதுக்கு 0.8 செக்கன் எடுத்தால், அந்தச் சோதனைச் சான்றிதழ் பேனலுக்கு முன்னால் நிற்பவரைக் காப்பாற்றாது.

நேரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் மலிவாக. அவுட்கோயிங் ரிலே பழுதைப் பார்த்ததும் இன்கமருக்கு "பொறு" என்று ஒரு சிக்னல் அனுப்பட்டும். 50 முதல் 100 மில்லிசெக்கனுக்குள் அந்த சிக்னல் வரவில்லை என்றால் பழுது பஸ்பாரில்தான், இன்கமர் உடனே திறந்துவிடலாம். பிளொக்கிங் ஸ்கீம் என்பார்கள். பெரும்பாலான நியூமெரிக்கல் ரிலேக்களில் இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது, ஒரு சோடி வயர் இழுக்கத்தான் ஆளில்லை.

வெளிச்சத்தைப் பிடித்து ட்ரிப் செய்யும் ஆர்க் ரிலே இன்னும் வேகம், 10 மில்லிசெக்கனுக்குள் கட்டளை கொடுத்துவிடும். புதுப் பேனல் வாங்குபவர்கள் ஸ்பெசிஃபிகேஷனிலேயே கேட்டு வாங்கலாம்.

50 பிஎஃப் என்று ரிலே மெனுவில் இருக்கிறதே, அது என்ன?

பிரேக்கர் ஃபெயிலியர் பாதுகாப்பு. இதுவரை சொன்ன பேக்கப் மேலே இருந்து காத்திருந்து பார்ப்பது. இது பழுது நடந்த பேனலிலேயே இருந்து, "ட்ரிப் கட்டளை கொடுத்தாயிற்று, கரண்ட் நின்றதா?" என்று மட்டும் கேட்கிறது.

ட்ரிப் கட்டளை போனதும் ஒரு டைமர் ஓடத் தொடங்கும். பிரேக்கர் திறக்க 40 முதல் 60 மில்லிசெக்கன். கரண்ட் நின்றதை ரிலே உணர இன்னும் 20 சொச்சம். அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளி. மொத்தம் 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை வைப்பார்கள். டைமர் முடியும்போதும் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பஸ்பாருக்கு மின்சாரம் கொண்டுவரும் எல்லாப் பிரேக்கர்களையும் திறக்கச் சொல்லும். பல இடங்களில் அதற்கு முன் ஒருமுறை அதே பிரேக்கருக்கு, முடிந்தால் இரண்டாவது ட்ரிப் கொயிலுக்கு, மறுபடி ஒரு கட்டளை போகும். ரீ-ட்ரிப் என்பது அது. பிரேக்கர் அப்போது திறந்துவிட்டால் மற்றவர்களைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

இடைவெளியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிரேக்கர் திறந்த பிறகும் சிடியின் செகண்டரியில் ஒரு டிசி கரண்ட் கொஞ்ச நேரம் தேய்ந்துகொண்டே ஓடும். சில ரிலேக்கள் அதைப் பழுது இன்னும் இருப்பதாக நினைக்கும். 100 மில்லிசெக்கன் என்று வைத்துவிட்டு, சரியாகத் திறந்த பிரேக்கருக்காக முழு பஸ்பாரையும் இழக்க வேண்டி வரும்.

கரண்டைப் பார்த்தால் போதாதா, ஒக்ஸிலரி கொன்டாக்டையும் ஏன் சேர்க்கிறார்கள்?

ட்ரான்ஸ்போமர் எண்ணெயில் வாயு சேர்வதை உணரும் புக்ஹோல்ஸ் ரிலே அல்லது வெப்பநிலை ட்ரிப்பில் கரண்ட் மிகக் குறைவாக இருக்கலாம். கரண்டை மட்டும் நம்பினால் பிரேக்கர் திறந்துவிட்டதாக பிஎஃப் முடிவுகட்டிவிடும். அப்படிப்பட்ட ட்ரிப்புகளுக்கு மட்டும் கொன்டாக்டையும் சேர்த்துப் பாருங்கள். மற்றவற்றுக்குக் கரண்டே நல்ல சாட்சி. உப்புப் பிடித்த கொன்டாக்ட் பொய் சொல்லும்.

மூன்று நான்கு பேனல் உள்ள சின்ன போர்டுக்கும் 50 பிஎஃப் வேண்டுமா?

ரிலேயில் ஏற்கெனவே இருந்தால், இன்கமருக்கு வயர் இழுக்க முடிந்தால், வையுங்கள். இல்லையென்றால் அதற்காக ரிலேயை மாற்ற வேண்டாம். அந்தக் காசை முதலில் பற்றரிக்குச் செலவழியுங்கள். 132 கேவி, 220 கேவியில் கதை வேறு. அங்கே பழுதின் தூரத்தைக் கணிக்கும் டிஸ்டன்ஸ் ரிலேயின் இரண்டாம் வலயம் 0.3 முதல் 0.4 செக்கன், மூன்றாம் வலயம் 1 செக்கன் அளவு என்று காத்திருப்பதற்குள் மின்நிலையங்கள் ஒன்றோடொன்று தாளம் தப்பிவிடலாம். பிஎஃப் அங்கே கட்டாயம்.

பற்றரியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

கட்டடங்களில் நான் பார்க்கும் 11 கேவி போர்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு பற்றரிப் பெட்டிதான். அவுட்கோயிங் ரிலே, இன்கமர் ரிலே, இரண்டின் ட்ரிப் கொயில், பிஎஃப் எல்லாம் அதில் தொங்குகின்றன. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டிக்கொண்டு கடலுக்குக் குளிக்கப் போவது மாதிரி.

சார்ஜரின் மீட்டர் 110 வோல்ட் என்று காட்டும். அது சார்ஜரின் வோல்ட்டேஜ், பற்றரியின் பலம் அல்ல. உள்ளே ஒரு செல் அறுந்திருந்தாலும் மீட்டர் அழகாகத்தான் நிற்கும். ஷோர்ட் சர்க்கிட் நடக்கும் கணத்தில் என்ன ஆகிறது? சார்ஜருக்கு ஏசி கொடுக்கும் அதே 400 வோல்ட் போர்டில் வோல்ட்டேஜ் சரிகிறது. சார்ஜர் கைவிடுகிறது. அந்த நேரத்தில் பற்றரி தனியாக நிற்க வேண்டும். அது முடியாது என்றால் ரிலே முகத்தில் லைட் கூட எரியாது.

கொழும்பு வெப்பமும் விடாது. சீல் செய்த லெட் ஆசிட் பற்றரியின் ஆயுளை 20 அல்லது 25 பாகையில் கணக்குப்போட்டுத்தான் சொல்வார்கள். 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. ஏர் கண்டிஷனர் இல்லாத சுவிட்ச் ரூமில் பத்து வருடப் பற்றரி என்று வாங்கியது ஐந்து வருடத்தில் களைத்துவிடும்.

என்ன செய்யலாம்? மின்சாரம் நிறுத்தி வேலை செய்யும் நாளில் சார்ஜரை அணைத்துவிட்டு, பற்றரியில் மட்டும் ஒவ்வொரு பிரேக்கரையும் ட்ரிப் செய்யுங்கள். அப்போது டிசி எவ்வளவு சரிகிறது என்று அளந்து எழுதுங்கள். டிசி ட்ரிப் கொயில் தன் வோல்ட்டேஜின் 70 சதவீதத்திலும் வேலை செய்ய வேண்டும் என்பது ஐஇசி விதி, 110 வோல்ட்டுக்கு 77. அதை நெருங்கினாலே பற்றரியை மாற்றுங்கள். இன்கமருக்கும் அவுட்கோயிங்குக்கும் தனித்தனி டிசி எம்சிபி (சின்ன பிரேக்கர்) வையுங்கள், ஒரு வயர் உரசி ஷோர்ட் ஆனால் இரண்டும் சேர்ந்து போகக் கூடாது. டிசி குறைவு அலாரத்தை ஆள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். பூட்டிய அறைக்குள் பஸர் அடித்து என்ன பயன்? வசதி இருந்தால் இன்கமருக்கு கெபாசிட்டர் ட்ரிப் யூனிட் ஒன்று போடுங்கள். பற்றரி இல்லாமலும் ஒருமுறை திறக்க அது போதும்.

ரிங் மெயின் யூனிட்டில் பற்றரியே இல்லை. அது ஆபத்தா?

இல்லை. வளையமாகப் போகும் கேபிளிலிருந்து மின்சாரம் பிரித்தெடுக்கும் சின்ன சுவிட்ச் பெட்டி அது. பலவற்றில் ரிலே சிடியின் கரண்டிலேயே உயிர்பெறும், பழுதின் கரண்டே தன்னை வெட்டும் சக்தியைத் தருகிறது. பழைய பிரிட்டிஷ் பாணி ஒயில் பிரேக்கர்களில் டைம் லிமிட் ஃபியூஸ் செய்ததும் இதே வேலைதான். ட்ரிப் கொயிலுக்குப் பக்கவாட்டில் இருக்கும் ஃபியூஸ் உருகியதும் சிடி கரண்ட் முழுவதும் கொயிலுக்குள் பாயும். பற்றரி உள்ள போர்டுக்கு மேலே இப்படி ஒரு யூனிட் இருப்பது நல்ல பேக்கப், ஏனென்றால் இரண்டும் எதையும் பங்குபோடவில்லை. அதன் செட்டிங்கை முழு அளவுக்கு ஏற்றிவைத்து அந்த நன்மையைக் கெடுக்காதீர்கள்.

ஜெனரேட்டரில் ஓடும்போதும் இதே செட்டிங் போதுமா?

பெரும்பாலும் போதாது. 2022 இல் நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த மாதங்களில் கொழும்புக் கட்டடங்கள் ஜெனரேட்டரிலேயே வாழ்ந்தன. அப்போது இதை யோசித்தவர்கள் குறைவு.

மேலே சொன்ன ட்ரான்ஸ்போமர் 29,000 ஆம்பியர் பழுது கொடுக்கும். அதே 1000 கேவிஏ ஜெனரேட்டர் முதல் சில சைக்கிளுக்குப் பிறகு, நல்ல எக்ஸைட்டேஷன் (அதன் காந்தத்துக்குக் கரண்ட் கொடுக்கும் அமைப்பு) இருந்தால், முழுச் சுமையின் மூன்று மடங்கு அளவில் நிற்கும். அதாவது 4300 ஆம்பியர் சொச்சம். நல்ல எக்ஸைட்டேஷன் இல்லையென்றால் முழுச் சுமைக்கும் கீழே விழுந்துவிடும். 400 வோல்ட் பக்கத்தில் உள்ள 1600 ஆம்பியர் ஏசிபியில் (ஏர் சர்க்கிட் பிரேக்கர்) ஷோர்ட் டைம், அதாவது சிறு தாமதத்தோடு வெட்டும் செட்டிங், 8 மடங்கில், அதாவது 12,800 இல் இருந்தால் அது எப்போது ட்ரிப் ஆகும்? ஆகாது. லோங் டைம் மெதுவாகப் பிடிக்கும்வரை கேபிள் வேகும்.

ஜெனரேட்டர் பிரேக்கர் மூடியதும் ரிலே தானாக இரண்டாவது செட்டிங் குரூப்புக்கு மாறும்படி செய்யுங்கள். அல்லது வோல்ட்டேஜ் சரியும்போது பிக்கப்பையும் சேர்த்துக் குறைக்கும் ஓவர்கரண்ட் ரிலேயை ஜெனரேட்டர் பக்கம் போடுங்கள்.

டெஸ்ட் செய்யும்போது முழுக் கட்டடமும் இருண்டுவிட்டது. ஏன்?

பெரும்பாலும் பிஎஃப்தான். ஒரு பேனலில் டெஸ்ட் செட்டால் கரண்ட் ஏற்றுகிறீர்கள், ரிலே ட்ரிப் கொடுக்கிறது. ஆனால் உங்கள் டெஸ்ட் கரண்ட் நிற்கவில்லை. பிரேக்கர் திறக்கவில்லை என்று பிஎஃப் நினைக்கிறது, 200 மில்லிசெக்கனில் இன்கமர் போய்விடும். ரிலே மேல் குற்றமில்லை, சொன்ன வேலையைச் செய்தது.

டெஸ்டுக்கு முன் பிஎஃப் அவுட்புட் லிங்குகளைக் கழற்றுங்கள், எந்த லிங்க் என்று டிராயிங்கில் பார்த்து. முடிந்ததும் திரும்பப் போடுங்கள். கழற்றியவர் ஒருவர், போட்டதைப் பார்ப்பவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்வது நல்லது. திரும்பப் போட மறந்த லிங்க் யாருக்கும் தெரியாமல் பல வருடம் கிடக்கும்.

பாணந்துறையில் குரங்கு ஒன்று நாட்டையே இருளாக்கியதே, அங்கே பேக்கப் இல்லையா?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் பாணந்துறை கிரிட் உபமின்நிலையத்தில் நடந்ததைக் கேட்கிறீர்கள். அது வேறு வகைக் கேள்வி. பழுதை வெட்டுவது ஒரு விஷயம், வெட்டிய பிறகு மின் வலையமைப்பு நிற்குமா என்பது இன்னொன்று. விடுமுறை நாள், தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு. அந்த நிலையில் ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் நிலைமம் வலையமைப்பில் இல்லை என்பதே மின்சார சபை அப்போது தந்த விளக்கம். பேக்கப் ரிலேயால் நிலைமத்தைக் கூட்ட முடியாது. பழுதை விரைவாக வெட்டி அதிர்ச்சியைச் சிறிதாக்க மட்டுமே முடியும்.

எம்சிபிக்கு முன்னால் ஃபியூஸ் போடுவதையும் பேக்கப் என்கிறார்களே?

ஐஇசி 60947-2 அந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அங்கே பொருள் வேறு: எம்சிபியால் வெட்ட முடியாத அளவு பெரிய கரண்டை முன்னால் இருக்கும் ஃபியூஸோ பிரேக்கரோ சேர்ந்து வெட்டுவது. உற்பத்தியாளரின் அட்டவணையில் அந்தச் சோடி இருந்தால் மட்டும் நம்புங்கள். இரண்டு கம்பனிப் பொருட்களைக் கலந்து நீங்களே கணக்குப்போட்டுச் சோடி சேர்க்க முடியாது.

செட்டிங்கை நாங்களே மாற்றலாமா?

இன்கமருக்குக் கீழே உள்ளவற்றை, கணக்கோடு, உங்கள் பொறியியலாளர் மாற்றலாம். இன்கமரை மாற்றுவதென்றால் மின்சாரம் தருபவரின் ஃபீடர் செட்டிங் தெரிய வேண்டும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ட்ரான்ஸ்போமர் ஒன்றைப் பெரிதாக்கினால், புது ஜெனரேட்டர் வந்தால், கூரையில் சோலார் ஏறினால், பழைய செட்டிங் தாள் செல்லாது என்று எடுத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போடுங்கள். தாளில் தேதி இல்லையென்றால் அதையும் செல்லாத தாளாகவே நினையுங்கள்.